உங்கள் கை அறிந்ததைச் சொல்லுங்கள்

"மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க். மை வீக்னஸ், ஐ ட்ரஸ்ட் எவ்ரிஒன் ஈஸிலி." தூத்துக்குடியில் கேட்டாலும் தருமபுரியில் கேட்டாலும் இதே இரண்டு வாக்கியங்கள்தான். சொந்த ஊர், அப்பாவின் தொழில், அம்மா இல்லத்தரசி, பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று ஒரே வரிசையில் வந்து இதில் முடியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாகன உதிரிபாக ஆலைகளில் எச்.ஆர். பிரிவில் வேலை பார்த்தவள் நான். டிப்ளமோவும் பி.இ.யும் முடிக்கப்போகும் பிள்ளைகளைத் தேடிக் கல்லூரி கல்லூரியாகப் போனதுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி. காலையிலிருந்து வரிசையாக வந்துபோனவர்களின் குறிப்புத் தாள்களை மதியம் புரட்டிப் பார்த்தால், பல தாள்களில் பெயர் மட்டுமே வேறாக இருக்கும். அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு விஷயம் இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்ல வேண்டியதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரும்படி நாம்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

பழக்கும் விதம் இதுதான். ஏழாம் செமஸ்டர் தொடங்கும் சமயத்தில் ஓரிரு நாள் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பு நடக்கும். வெளியிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வருவார். எப்படிக் கைகுலுக்குவது, எப்படி உட்காருவது என்பதெல்லாம் முடிந்தபின் கேள்வி பதில் அச்சடித்த தாள்களைக் கொடுப்பார். பத்தாம் வகுப்பிலிருந்து நோட்ஸை ஒப்பித்தே மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இது பழகிய பாதை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுக்கோ வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அச்சில் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அப்படியே விழுங்குகிறார்கள். பயிற்சியாளர்களைத் திட்டி எழுதுவது என் நோக்கமில்லை. ஆனால் ஒரு கல்லூரியின் அத்தனை மாணவர்களுக்கும் ஒரே பலவீனத்தை எழுதிக் கொடுப்பது பயிற்சி ஆகாது. அதைக் கல்லூரிகள் நிறுத்த வேண்டும்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவனைச் சொல்கிறேன். தன் அறிமுகத்தை ஒப்பித்தான். நடுவில் ஒரு வார்த்தை தவறியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இறுதியாண்டு புராஜெக்ட் பற்றிக் கேட்டோம். தலைப்பு மட்டும் தெரிந்திருந்தது. அதில் எந்த பேரிங் போட்டிருக்கிறது, ஏன் அந்த அளவு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எங்கோ ஒரு புராஜெக்ட் சென்டரில் நான்கு பேர் சேர்ந்து காசு கொடுத்து வாங்கியது என்பது விளங்கிவிட்டது. தாளில் கழித்துக் கட்டும் குறியைப் போட என்னருகே இருந்த உற்பத்தி மேலாளர் பேனாவை எடுத்துவிட்டார்.

"லீவுல என்னப்பா பண்ணுவே?" என்று தமிழில் கேட்டேன். மாமா கடையில் இருப்பேன் என்றான். என்ன கடை என்று கேட்டால் தயக்கம். கிணற்று மோட்டார் காயில் கட்டும் கடை என்று சொல்வதற்குள் முகம் சுருங்கிப்போனது. எரிந்துபோன மோட்டார் வந்தால் முதலில் என்ன செய்வாய் என்றேன். அதற்குப் பிறகு அவனை நாங்கள் எதுவும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "சீரிஸ் லேம்ப் வெச்சு பாடி ஷார்ட் இருக்குதான்னு பார்ப்பம்ங்க மேடம். அப்பறம் திறந்து, எது எது கருகியிருக்குதுன்னு பார்க்கோணும். ஸ்டார் கனெக்‌ஷன்ல மூணு செட்டுல ரெண்டு கருகி ஒண்ணு மட்டும் புதுசாட்டம் இருந்துச்சுன்னா, ஒரு பேஸ் போயி ரெண்டு பேஸ்ல ஓடியிருக்குதுன்னு அர்த்தம். அப்ப காயில மட்டும் கட்டிக் குடுத்தா மறுபடியும் எரியும். தோட்டத்துக்குப் போயி பீஸ் கட்டையையும் ஸ்டார்ட்டரையும் பார்த்துட்டுத்தான் மாட்டோணும்." பழைய சுருளை வெட்டி எடுப்பதற்கு முன் எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குப் போகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்றான். ஏன் என்று மேலாளர் கேட்டார். "எண்ணாம வெட்டிட்டா அந்தக் கணக்கு வேற எங்கயும் இல்லீங்க சார். சுத்து கம்மியாப் போச்சுன்னா கரண்ட் ஜாஸ்தி இழுத்துச் சூடாயிரும். ஜாஸ்தியாப் போச்சுன்னா தண்ணி தூக்காது."

எங்கள் ஆலையில் ஒரு பாகம் பழுதாகித் திரும்பி வந்தால், ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டு வேர்க் காரணத்தைப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. டொயோட்டாவிலிருந்து உலகம் முழுதும் பரவிய முறை. அதைக் கற்றுக்கொடுக்கப் பொறியாளர்களுக்குத் தனியாக வகுப்பு நடத்துவோம். அந்தப் பையன் மாமா கடையிலேயே அதைக் கற்றிருந்தான். கருகிய சுருளைப் பார்த்தே மின்கம்பத்தில் நடந்ததை ஊகிக்கிறவன், ரிஜெக்‌ஷன் பெட்டியில் கிடக்கும் பாகத்தைப் பார்த்து மெஷினில் நடந்ததை ஊகிக்கமாட்டானா? பராமரிப்புப் பிரிவுக்கு அவனை எடுத்துக்கொண்டோம்.

வேலை கிடைத்ததற்காக அல்ல, அந்தப் பேச்சு ஏன் எங்களை அசைத்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அதில் பொருள்களுக்குப் பெயர் இருந்தது. முதலில் இது, பிறகு அது என்ற வரிசை இருந்தது. எந்த இடத்தில் தவறு நேரும், நேர்ந்தால் என்ன ஆகும் என்பது இருந்தது. ஒரு வேலையைச் செய்தவருக்குத்தான் இவை தெரியும். 'கடின உழைப்பாளி' என்று ஒருவர் சொன்னால் நான் அதை நம்ப வேண்டியிருக்கிறது. காயில் கணக்கைச் சொன்னவனிடத்தில் நம்பச் சொல்லிக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை, அவன் உழைப்பு அதிலேயே தெரிகிறது.

ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை எழுதித் தருகிற பெண், தவணை தவறிய உறுப்பினரிடம் எப்படிப் பேசினாள் என்று சொல்லலாம். பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்தவர், கணக்கு இடித்தால் எப்படித் தேடுவார் என்று சொல்லலாம். கல்லூரி விழாவில் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, சொன்ன எண்ணிக்கையைவிடக் கூட்டம் கூடிவிட்டபோது சமாளித்ததும் அனுபவம்தான். இவற்றையெல்லாம் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

பெரிய நிறுவனங்களின் கேள்விமுறையும் இதைத்தான் தேடுகிறது. 'நெருக்கடியான ஒரு சமயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், ஓர் உதாரணம் சொல்லுங்கள்' என்று கேட்பார்கள். அதற்கு 'ஸ்டார்' என்றொரு வாய்ப்பாடு, 1970-களில் அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்றிலிருந்து வந்து, இப்போது எல்லாப் பயிற்சித் தாள்களிலும் இருக்கிறது. என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன ஆனது என்ற வரிசை. நல்ல வரிசைதான். ஆனால் இரவல் கதையை அதில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இரண்டு துணைக் கேள்வி போட்டாலே கதை நின்றுவிடும். 'அப்போது கூட யார் இருந்தார்கள், அவர் என்ன சொன்னார்' என்று கேட்டால், நடந்ததைச் சொல்பவர் யோசிக்காமல் தொடர்வார். மற்றவர் கூரையைப் பார்ப்பார்.

இன்னொன்று, தெரியாத கேள்வி. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு ஷாஃப்டின் விட்டம் 25 மில்லிமீட்டர், ப்ளஸ் மைனஸ் 0.02 வரை போகலாம், எதை வைத்து அளப்பீர்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். வெர்னியர் என்பது பாதிப் பேரின் பதில். சரி, வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் எவ்வளவு என்று கேட்போம். 0.02 என்பார்கள். அப்போது எதிரே இருப்பவர் கண்ணில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கவனிப்போம். "சார், அளக்கிற கருவியின் லீஸ்ட் கவுன்ட்டும் டாலரன்ஸும் ஒன்றாகவே இருக்கிறதே, அப்போது நம்பி அளக்க முடியாது, மைக்ரோமீட்டர் வேண்டும்" என்று அந்த இடத்திலேயே யோசித்துத் திருத்திக்கொண்டவர்களுக்கு, முதலிலேயே மைக்ரோமீட்டர் என்று ஒப்பித்தவர்களைவிட நான் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், தவறே இல்லை. அதோடு நின்றுவிடாமல், அதை ஒட்டித் தெரிந்தது எது, யாரிடம் கேட்பேன், எதைப் பார்த்து உறுதி செய்வேன் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆலையில் புதிதாக வருபவருக்கு அன்றாடம் நேரப்போவது அதுதான்.

பலவீனம் என்ன என்ற கேள்வியை நான் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆகவே பதில் வேண்டும். உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், அது அந்த வேலையின் ஆணிவேரைத் தொடாததாக இருக்கட்டும், அதற்காக இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதும் சேரட்டும். 'கூட்டத்தில் பேசப் பயம், அதனால் துறைக் கருத்தரங்கில் பெயர் கொடுத்திருக்கிறேன்' என்பது போதும்.

படிப்புக்குப் பிந்தைய இடைவெளி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் என்பதால் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு வீட்டிலிருந்த பெண், அதை மறைக்கப் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். இல்லாத ஒரு கோர்ஸின் பெயரைச் சொன்னாள், எங்கே படித்தாய் என்றதும் கண் கலங்கிவிட்டது. 'அப்பாவின் சிகிச்சைக்காக வீட்டில் இருந்தேன், இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான், என்னால் வேலைக்கு வர முடியும்' என்று இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருக்கலாம். அதைக் குற்றமாகப் பார்க்கும் நிறுவனத்தில் சேர்ந்து என்ன சுகம்? அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய வேலையின் மாதங்களைக் கூட்டிச் சொல்லாதீர்கள். வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது பதிவாகியிருக்கிறது. சரிபார்ப்பில் அது வெளிப்பட்டு, கைக்கு வந்த ஆஃபர் போன கதைகள் பல.

ஆங்கிலத்தைப் பற்றி மனம்விட்டுச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும் வேலைக்கும் கால் சென்டர் வேலைக்கும் ஆங்கிலமே வேலை, அங்கே சலுகை கேட்க முடியாது. மெஷின் ஷாப்பிலும் பராமரிப்பிலும் தரப் பரிசோதனையிலும் வரைபடத்தையும் கையேட்டையும் ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்தால் போதும். ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்புப் பேச்சு நடப்பது தமிழில்தான். அப்படியிருக்க நேர்காணலை மட்டும் ஆங்கிலத்தில் நடத்தி, தெரிந்ததையும் சொல்ல முடியாமல் பிள்ளைகளைத் திணற வைப்பது யாருக்கு லாபம்? ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் யு.பி.எஸ்.சி.யே, முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் ஆளுமைத் தேர்விலும் தமிழில் பேசலாம் என்கிறது. மாவட்டத்தை ஆளப்போகிறவர் தமிழில் பதில் சொல்லலாம் என்றால் லேத்தை ஓட்டப்போகிறவர் சொல்லக் கூடாதா? பிள்ளைகளுக்கு நான் சொல்வது: ஆங்கிலத்தில் ஆரம்பியுங்கள், தொழில்நுட்பமான இடம் வந்து வார்த்தை கிடைக்காவிட்டால் 'தமிழில் விளக்கட்டுமா சார்?' என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரையும் நிராகரித்ததை நான் இருந்த அறைகளில் பார்த்ததில்லை.

இனி மேசையின் இந்தப் பக்கம் இருப்பவர்களிடம் பேச வேண்டும், ஏனென்றால் நல்ல பதில் வர முதலில் கேள்வி நன்றாக இருக்க வேண்டும்.

"எந்த ஊர்?" என்பது சாதாரணக் கேள்விதான். "ஊர்ல எந்தப் பக்கம்?", "குலதெய்வம் எது?" என்று அது நீளும்போது எதை நோக்கிப் போகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், எதிரே இருப்பவருக்கும் தெரியும். அந்தப் பிள்ளையின் உடம்பு இறுகுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது கொடுமை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றி அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு மூன்று நிமிட நேர்காணல், கேட்டதெல்லாம் பெரும்பாலும் பெற்றோர் யார், ஊர் எது என்பது, மதிப்பெண்ணோ மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது அங்கே எழுந்த புகார். நேர்காணலுக்கு அவ்வளவு மதிப்பெண் ஒதுக்குவது நியாயமற்றது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது நீதிமன்றம், பேச்சை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. ஒன்றிய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் 'சி' வேலைகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் 'பி' வேலைகளுக்கும் நேர்காணலையே நீக்கிவிட்டது. தனியார் ஆலைகள் ஆளைப் பார்க்காமல் எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பார்க்கலாம், வேலையைப் பற்றிக் கேட்கலாம்.

பெண்களிடம் கேட்கப்படுவது வேறு வகை. கல்யாணம் எப்போது, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா, குழந்தை வந்தால் என்ன செய்வீர்கள்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கியதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது, நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. அந்த ஓர் ஆலையோடு நிற்கிற விஷயமில்லை இது. ஆட்களை எடுப்பதில் பெண்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது, அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. இந்தக் கேள்வி வந்தால் பெண்கள் தங்கள் வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. 'ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லுங்கள் சார், அந்த நேரத்துக்கு என்னால் வர முடியும்' என்று வேலையின் பக்கம் பேச்சைத் திருப்பிவிடலாம். குழுவில் இன்னொரு பெண் இருந்தால் அவர்தான் அங்கே குறுக்கிட வேண்டும். நான் குறுக்கிட்டிருக்கிறேன், அதனால் சில மேலாளர்களுக்கு என்னைப் பிடிக்காமலும் போனது.

ஒரே வேலைக்கு வரும் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேட்டு, ஆள் வெளியே போனதுமே மதிப்பெண் போடும் முறைதான் நம்பத்தக்கது. மனம்போன போக்கில் அரட்டை அடித்து ஆளை அளப்பதைவிட இது மேல் என்பதை 1998-இல் ஷ்மிட், ஹன்ட்டர் என்ற இருவரின் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. 2022-இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தபோது பல தேர்வு முறைகளின் மதிப்பு இறங்கியது, இந்த முறையோ பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. இதற்குத் தனியாகச் செலவும் கிடையாது. முதல் நாள் மாலை உட்கார்ந்து ஆறு கேள்வி எழுதிக்கொண்டால் ஆயிற்று.

கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1-இல் தொடங்கியது, திறன் பாடங்கள் கல்லூரிகளுக்குள்ளேயே வந்துவிட்டன. அந்த வகுப்பு நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். இரண்டாம் ஆண்டிலிருந்தே, தன் கையால் செய்த வேலை ஒன்று முடிந்ததும் ஒரு பக்கம் எழுதட்டும்: என்ன வேலை, எதில் சிக்கியது, எப்படி அவிழ்ந்தது. தமிழில் எழுதினாலும் சரி. இறுதியாண்டில் ஆசிரியர் அதைப் புரட்டி, இந்த மாணவர் நேர்காணலில் இதைச் சொல்லலாம் என்று குறித்துக் கொடுக்கட்டும். அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவது அதற்குப் பிறகான வேலை. புராஜெக்ட்டைக் காசுக்கு வாங்குவதைக் கண்டும் காணாமல் இருப்பதும் நிற்க வேண்டும். அந்த நான்கு பேரும் எங்கள் முன்னால் ஊமையாக உட்காரும்போது கல்லூரி ஆசிரியர் யாரும் அந்த அறையில் இருப்பதில்லை.

முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். "நோ சார், தேங்க் யூ" என்று எழுந்துவிடாதீர்கள். பயிற்சிக் காலம் எவ்வளவு, எந்தப் பிரிவில் போடுவீர்கள், இரவு ஷிஃப்ட்டுக்கு ஆலை பஸ் உண்டா, பாண்ட் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவை கேட்டே ஆக வேண்டியவை. சேர்ந்தபிறகு பாண்ட் தாளைப் படித்துவிட்டு அழுத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் கேளுங்கள்: முடிவை எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள்?

அதற்கு நேரான பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள். கடன் வாங்கி பஸ் ஏறி வந்த பிள்ளை, 'தகவல் சொல்லி அனுப்புகிறோம்' என்ற வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தேர்வானவர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மற்றவர்களை அப்படியே விட்டுவிடும் வழக்கத்தை ஆலைகள் கைவிட வேண்டும். எடுக்கவில்லை என்பதையும், எந்தப் பதிலில் குறைபட்டது என்பதையும் ஒரு வாரத்துக்குள் இரண்டு வரியில் எழுதி அனுப்பலாம். 'மைக்ரோமீட்டர் அளவீடு பழகுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள்' என்று எழுதி அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த நேர்காணலுக்கு முன் என்ன படிப்பது என்பதாவது தெரியும்.